பேங்க் சிங்க் நின்றுபோச்சு, கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாமா?

கேள்வி · செப்டம்பர் 2, மாலை 6.10

இலவச பட்ஜெட் ஆப் ஒன்றில் இரண்டு பேங்க் கணக்கும் ஒரு கிரெடிட் கார்டும் இணைத்திருக்கிறேன். முதல் கணக்கு ஒன்பது நாளாக அப்டேட் ஆகவில்லை, "மறுபடி இணைக்கவும்" என்று சிவப்பில் காட்டுகிறது. கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கும்படி உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். செய்யலாமா? இரண்டாவது கணக்கு தினமும் சிங்க் ஆகிறது, ஆனால் ஆப்பில் 4,318.20 இருக்கிறது, பேங்கில் 4,271.70தான். இலவச ஆப் என்றாலே இப்படித்தானா?

செப்டம்பர் 2, இரவு 9.40

நீக்காதீர்கள். உதவிப் பக்கங்கள் முதலில் சொல்லும் அந்த வேலை, வேறு எதுவும் பலிக்காதபோது கடைசியாகச் செய்ய வேண்டியது.

ஆப் உங்கள் பேங்க் கணக்கு எண்ணை வைத்துக் கணக்கை அடையாளம் காண்பதில்லை. பேங்குக்கும் ஆப்புக்கும் நடுவில் ஒரு அக்ரிகேட்டர், அதாவது பேங்கிலிருந்து தரவை எடுத்து ஆப்புக்குக் கொடுக்கும் நிறுவனம், இருக்கிறது (பிளெய்ட், யோட்லீ, எம்எக்ஸ், ஃபினிசிட்டி போன்றவை). கணக்கை இணைக்கும்போது அது ஒரு உள் அடையாள எண்ணை உருவாக்கும். நீங்கள் போட்ட வகைப்பாடு, குறிப்பு, பிரித்த செலவு எல்லாம் அந்த எண்ணோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். நீக்கிவிட்டுச் சேர்த்தால் அதே கணக்கு புது எண்ணோடு வரும். பழைய வரலாறு ஒன்று அழிந்துபோகும், இல்லையென்றால் சொந்தக்காரன் இல்லாத கணக்காக ஓரமாக நிற்கும். புது இணைப்பு பழைய நாட்களின் பரிவர்த்தனைகளையும் மறுபடி இழுத்துவரும். பிளெய்ட் வழியாக வந்தால், ஆப் தனியாகக் கேட்காதவரை 90 நாள். கேட்டால் 730 நாள் வரை. பழையது ஓரமாக நின்றால் அந்த 90 நாளும் இரட்டிப்பாகும், அழிந்துபோனால் அதற்கு முந்தியது போயே போகும்.

"மறுபடி இணைக்கவும்" என்ற பொத்தானை அழுத்துங்கள், அது வேறு வழி. பழைய எண்ணை வைத்துக்கொண்டே அனுமதியை மட்டும் புதுப்பிக்கும். அதற்கு முன்னால் பிரவுசரில் பேங்க் தளத்துக்குள் ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். "புதிய விதிமுறைகளை ஏற்கிறேன்", "மொபைல் எண்ணை உறுதிசெய்க" என்று ஏதாவது பக்கம் வழிமறித்து நின்றால் அதை முடித்துவிட்டு வெளியே வாருங்கள். பாஸ்வேர்டைக் கொடுத்து இணைத்த கணக்குகளில் அக்ரிகேட்டரின் நிரல் உங்களைப் போலவே லாகின் செய்து பக்கத்தைப் படிக்கிறது. நடுவில் எதிர்பாராத ஒரு பக்கம் வந்துவிட்டால் அதற்கு "ஏற்கிறேன்" அழுத்தத் தெரியாது. அங்கேயே நின்றுவிடும்.

46.50 வித்தியாசம் தனி விஷயம். நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 3, காலை 7.15

விட்டுப்போன ஒன்று. சமீபத்தில் பேங்க் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் இதை உடனே கவனியுங்கள். பழைய பாஸ்வேர்டையே வைத்துக்கொண்டு நிரல் திரும்பத் திரும்ப முயன்றால், யாரோ புகப் பார்க்கிறார்கள் என்று நினைத்து பேங்க் உங்கள் லாகினையே பூட்டிவிடக்கூடும். பாஸ்வேர்டு மாற்றிய கையோடு ஆப்பிலும் இணைப்பைப் புதுப்பித்துவிட வேண்டும்.

செப்டம்பர் 3, மதியம் 1.30

இப்போது 46.50. முதலில் உங்கள் ஆப் எந்த ரகம் என்று தெரிய வேண்டும். சில ஆப்கள் பேங்க் சொல்லும் பேலன்ஸை அப்படியே காட்டும், பரிவர்த்தனைகளைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. வேறு சில, தொடக்க இருப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் கழித்துத் தாங்களே பேலன்ஸ் போடும். பழைய பரிவர்த்தனை ஒன்றின் தொகையை 1.00 கூட்டிப் பாருங்கள். மேலே பேலன்ஸ் மாறினால் இரண்டாவது ரகம். பார்த்ததும் பழையபடி திருத்திவிடுங்கள்.

முதல் ரகம் என்றால், பெரும்பாலும் ஒப்பிடுவதே வெவ்வேறு எண்களாக இருக்கும். பேங்க் இரண்டு பேலன்ஸ் வைத்திருக்கிறது. ஒன்று, முடிந்த பரிவர்த்தனைகளை மட்டும் கழித்தது. மற்றது, நிலுவையில் இருப்பதையும் கழித்து இப்போது எடுக்கக்கூடிய தொகை. ஆப் ஒன்றை எடுத்துக்கொள்ளும், பேங்க் தளத்தின் முதல் பக்கம் மற்றதைப் பெரிய எழுத்தில் காட்டும்.

இரண்டாவது ரகம் என்றால் வரிகளுக்குள் தேட வேண்டும். ஆப்பில் 46.50 அதிகம், ஆக ஒரு செலவு வராமல் போயிருக்கலாம், அல்லது ஒரு வரவு இருமுறை ஏறியிருக்கலாம். முதலில் பேங்க் ஸ்டேட்மென்டில் 46.50 என்ற தொகையைத் தேடுங்கள். இல்லையென்றால் அதில் பாதியான 23.25ஐத் தேடுங்கள். 23.25 செலவு தவறுதலாக வரவாக ஏறினால் வித்தியாசம் அதன் இரு மடங்காகக் காட்டும். கையால் பதிந்த வரிகள் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், 63ஐ 36 என்று இலக்கம் மாற்றி அடித்திருக்க வாய்ப்புண்டு. புள்ளியை எடுத்துவிட்டு 4650ஐ 9ஆல் வகுத்தால் மீதி 6, அதனால் அது இங்கே இல்லை.

செப்டம்பர் 3, மதியம் 1.50

நிலுவையில் எதுவும் இல்லை, இரண்டாவது ரகம்தான் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது, மூன்று மாத வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம், பாதி பாதியாகப் பிரியுங்கள். கடைசியாக ஒத்துப்போன ஒரு மாதக் கடைசியைக் கண்டுபிடியுங்கள். அதற்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு தேதி எடுத்து, அந்த நாள் முடிவில் பேங்க் பேலன்ஸையும் ஆப் பேலன்ஸையும் ஒப்பிடுங்கள். ஒத்திருந்தால் கோளாறு பிற்பாதியில், ஒத்திராவிட்டால் முற்பாதியில். அறுபது நாள் என்றாலும் ஆறு தடவையில் ஒரே நாளுக்கு வந்து நிற்கும்.

செப்டம்பர் 5, இரவு 10.05

இதுதான் நான் எதிர்பார்த்தது. கேட்டவர் கண்டுபிடித்திருக்கிறார்: ஜூலை 31ல் ஒத்திருக்கிறது, ஆகஸ்ட் 16ல் ஒத்திருக்கிறது, ஆகஸ்ட் 24ல் 46.50 தள்ளிப்போகிறது, கடைசியில் ஆகஸ்ட் 19க்கு வந்து நின்றது. பேங்கில் அன்று 46.50 கார்டு செலவு இருக்கிறது, ஆப்பில் இல்லை. "ஆப்பில் அது இரண்டு முறை வந்தது, நான்தான் ஒன்றை அழித்தேன்" என்கிறார்.

நடந்ததை அடிக்கு அடி சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்கும் நடக்கிறது. கார்டைத் தேய்த்ததும் அது நிலுவைப் பரிவர்த்தனையாக வரும். இரண்டு மூன்று நாளில் கடைக்காரர் தரப்பு உறுதிசெய்ததும் முடிந்த பரிவர்த்தனையாக மாறும். மாறும் என்று சொல்கிறோமே தவிர, தரவைப் பொறுத்தவரை எதுவும் மாறுவதில்லை. புது அடையாளத்தோடு ஒரு புது வரி பிறக்கிறது, பழைய வரி தனியாக நீக்கப்படுகிறது. பிளெய்ட் ஒவ்வொரு சிங்கிலும் மூன்று பட்டியல் அனுப்புகிறது: சேர்ந்தவை, திருத்தியவை, நீக்கியவை. புது வரியோடு "எனக்கு முன்னோடி இந்த நிலுவை வரி" என்ற குறிப்பும் வரலாம். ஆனால் அந்தப் பிணைப்பு எப்போதும் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

சேர்ந்த பட்டியலை ஆப் முதலில் பதிந்து, நீக்கியவை பட்டியலுக்குத் தாமதமாக வந்தால், நடுவில் இரண்டு வரியும் திரையில் நிற்கும். அப்போதுதான் நம் கை சும்மா இருப்பதில்லை. இவர் அழித்தது முடிந்த வரியை. மறுநாள் ஆப் தன் கடமைப்படி நிலுவை வரியையும் நீக்கிவிட்டது. இரண்டும் போச்சு.

அதனால் இரட்டை வரி கண்ணில் பட்டால் ஐந்து நாள் தொடாமல் விடுங்கள். அதற்குப் பிறகும் இரண்டும் இருந்தால், நிலுவை என்று சாய்வெழுத்திலோ மங்கலாகவோ காட்டுவதை மட்டும் அழியுங்கள். இப்போதைக்கு அந்த 46.50ஐ ஆகஸ்ட் 19 தேதியில் கையால் பதிந்துவிடலாம், பேலன்ஸ் சரியாகிவிடும். பேலன்ஸ் திருத்தம் என்ற பெயரில் மொத்தமாக ஒரு வரி போட்டுச் சமாளிக்காதீர்கள். அது கோளாறைப் புதைத்துவிடும், அடுத்த வித்தியாசம் வரும்போது எது எதனால் என்று பிரிக்கவே முடியாது.

செப்டம்பர் 8, காலை 6.50

தொகை மாறும் நிலுவைகளைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். எரிபொருள் நிலையம், ஹோட்டல் அறை, வாடகைக் கார் ஆகிய மூன்றும் முதலில் ஒரு உத்தேசத் தொகையைப் பிடித்துவைக்கும், பிறகு உண்மையான தொகை வரும். 1.00 நிலுவை, பின்பு 38.40 முடிவு. தொகையும் ஒத்துப்போகாது, தேதியும் ஒத்துப்போகாது, அதனால் தொகையை வைத்து இரட்டையைக் கண்டுபிடிக்கும் ஆப்கள் இங்கே தடுக்கி விழும். நிலுவைப் பரிவர்த்தனைகளைக் காட்டு என்று ஒரு அமைப்பு இருந்தால், வரிகளைக் கூட்டிப் பேலன்ஸ் போடும் ரக ஆப்களில் அதை அணைத்து வைப்பதையே நான் விரும்புவேன். இரண்டு நாள் தாமதம் வரும், ஆனால் கணக்கு சுத்தமாக இருக்கும்.

செப்டம்பர் 8, இரவு 8.20

முதல் கணக்குக்கு வருகிறேன். "மறுபடி இணைக்கவும்" அழுத்தினால் பேங்க் பக்கத்துக்குப் போகிறது, அனுமதி கொடுத்தும் ஒரு கணக்குதான் வருகிறது, அதே பேங்கின் கார்டு காணவில்லை என்று முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்.

பேங்கின் சொந்தப் பக்கத்துக்குப் போய்த் திரும்புவது ஓஆத் முறை. பாஸ்வேர்டு ஆப்புக்கோ அக்ரிகேட்டருக்கோ போகாது, அனுமதிச் சீட்டு மட்டும் போகும். அந்தப் பக்கத்தில் எந்தெந்தக் கணக்கைப் பகிரலாம் என்று கட்டங்கள் இருக்கும். டிக் போடாத கணக்கு ஆப்புக்குத் தெரியவே தெரியாது. பின்னாளில் நீங்கள் வாங்கும் புதுக் கார்டும் தானாக வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. மறுபடி அதே பக்கத்துக்குப் போய் டிக் போட வேண்டும். திரும்பி வந்ததும் ஆப்பிலும் ஒருமுறை கேட்கும், அங்கேயும் அதே கணக்குகளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பட்டியலும் பொருந்தாவிட்டால் "கணக்குகள் எதுவும் இல்லை" என்ற பிழைதான் மிச்சம்.

செப்டம்பர் 9, காலை 7.00

பிழைச் செய்திகள் நூறு விதமாக இருந்தாலும், ஆப்கள் அவற்றை "ஏதோ தவறாகிவிட்டது" என்று ஒரே குரலில் சொல்வதுதான் எரிச்சல். பின்னால் இருப்பது பெரும்பாலும் இரண்டு ரகம். "ஐட்டம் லாகின் ரிக்வயர்டு" என்றால் நீங்கள் வந்து கதவைத் திறந்தால்தான் நகரும், எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை. "இன்ஸ்டிட்யூஷன் டவுன்", "நாட் ரெஸ்பாண்டிங்" என்றால் கோளாறு அந்தப் பக்கம். அதற்கு நீங்கள் மறுபடி இணைக்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். உதவிக் குழுவுக்கு எழுதும்போது பிழைக் குறியீடு, பேங்கின் சரியான பெயர் (ஒரே பேங்குக்குத் தனிநபர், வணிகம், கார்டு என்று தனித்தனிப் பதிவுகள் இருக்கும்), கடைசியாகச் சிங்க் ஆன நாளும் நேரமும், வராத ஒரு பரிவர்த்தனையின் தேதியும் தொகையும் சேர்த்து எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் முதல் பதிலாக வருவது "நீக்கிவிட்டுச் சேருங்கள்" தான்.

செப்டம்பர் 14, மாலை 5.30

"புதுப்பி பொத்தானை இருபது தடவை அழுத்திவிட்டேன், காலையில் செய்த செலவு வரவில்லை."

அந்தப் பொத்தான் பல இலவச ஆப்களில் பேங்கைத் தொடுவதே இல்லை. அக்ரிகேட்டர் கையில் ஏற்கெனவே இருக்கும் நகலை இன்னொரு முறை படிக்கிறது, அவ்வளவுதான். பேங்கிலிருந்து தரவு எடுப்பது அக்ரிகேட்டரின் சொந்த அட்டவணைப்படி, பிளெய்டில் நாளுக்கு ஒன்று முதல் நான்கு தடவை. அந்த நிமிடமே போய் எடுத்துவா என்று கேட்பது தனிக் கட்டணச் சேவை. இணைத்த ஒவ்வொரு கணக்குக்கும் ஆப் நடத்துபவர் அக்ரிகேட்டருக்குப் பணம் கட்டுகிறார் என்பதை நினைவில் வையுங்கள். இலவசப் பயனருக்காக அவர் கூடுதல் அழைப்புகளை வாங்கமாட்டார், ஆப்பையே திறக்காதவரின் இணைப்பை நிறுத்தியும் வைப்பார். முதல் கேள்வியில் "இலவசம் என்றாலே இப்படித்தானா" என்று கேட்டதற்கு என் பதில் இதுதான்: தாமதத்துக்கு இலவசம் காரணமாக இருக்கலாம், 46.50க்கு இல்லை. காசு கட்டி வாங்கிய ஆப்பிலும் அதே அக்ரிகேட்டர், அதே நிலுவை வரிதான்.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. பயனர் நேரடியாகக் கேட்காத நேரத்தில் 24 மணி நேரத்துக்கு நான்கு முறைக்கு மேல் கணக்கைத் தொட முடியாது, பேங்க் ஒப்புக்கொண்டால் ஒழிய. அங்கே இருப்பவர்களுக்கு இன்னொன்று: முன்பு 90 நாளுக்கு ஒருமுறை பேங்கில் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டியிருந்தது, 2023 ஜூலையில் அது 180 நாளானது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இணைப்பு "அறுந்துபோவது" அங்கே கோளாறு இல்லை, விதி. காலண்டரில் 170வது நாளுக்கு ஒரு நினைவூட்டல் வைத்தால் போதும்.

செப்டம்பர் 15, காலை 6.40

இந்தியாவில் எப்படி என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அங்கே அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்பது ரிசர்வ் வங்கி 2016ல் வகுத்த விதிகளின்படி உரிமம் பெற்ற நிறுவனம். தரவு அதன் வழியாகப் போனாலும் பூட்டிய உறை மாதிரிதான், அந்த நிறுவனத்தால் பிரித்துப் படிக்க முடியாது. அனுமதியிலேயே எதற்காக, எத்தனை நாளுக்கு, எத்தனை முறை எடுக்கலாம் என்று எழுதியிருக்கும். சிங்க் நின்றால் முதலில் அந்த அனுமதியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். எஸ்எம்எஸ் படித்துக் கணக்குப் போடும் ஆப்கள் வேறு சாதி. பேங்க் செய்தியின் வாசகம் மாறினால் அவை குருடாகிவிடும், தோல்வியடைந்த பணமாற்றத்தைக்கூடச் செலவாக எழுதிவிடும். ஐபோனில் மற்ற ஆப்கள் எஸ்எம்எஸ்ஸை நேரடியாகப் படிக்க முடியாது.

செப்டம்பர் 21, இரவு 9.10

முதல் குறிப்பைத் திருத்த வேண்டும். "நீக்காதீர்கள்" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். நீக்கித்தான் ஆக வேண்டிய இடமும் உண்டு. பேங்க் பழைய பாஸ்வேர்டு முறையை நிறுத்திவிட்டு ஓஆத்துக்கு மாறும்போது, சில ஆப்களில் பழைய இணைப்பைப் புதுப்பிக்க வழி இருக்காது. ஆப் நடத்துபவர் அக்ரிகேட்டரையே மாற்றினாலும் அப்படித்தான். அந்த நிலை வந்தால் வரிசை இது.

பழைய கணக்கின் பரிவர்த்தனைகளை முழுவதும் சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கி வையுங்கள். பழையதில் கடைசியாக வந்த வரியின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக ஆகஸ்ட் 24. பழைய கணக்கை அழிக்காமல் சிங்க்கை மட்டும் துண்டித்து, கையால் பதியும் கணக்காக மாற்றுங்கள். புது இணைப்பைச் சேர்க்கும்போது "பரிவர்த்தனைகள் எந்தத் தேதியிலிருந்து" என்று கேட்டால் ஆகஸ்ட் 25 கொடுங்கள். கேட்காத ஆப் என்றால், வந்து விழுந்த பிறகு புதுக் கணக்கில் ஆகஸ்ட் 24 வரைக்குமான வரிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். கணக்குகளை இணைக்கும் வசதி இருந்தால் பழையதோடு புதியதைச் சேருங்கள். இல்லாவிட்டால் பழையதை மூடிய கணக்காக விட்டு, அதன் கடைசி இருப்பைப் புதியதின் தொடக்க இருப்பாகப் போடுங்கள். ஆகஸ்ட் 24, 25 இரண்டு நாளையும் பேங்க் ஸ்டேட்மென்டோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். பேங்கும் ஆப்பும் வெவ்வேறு நேர மண்டலத்தில் தேதி போட்டால் நள்ளிரவை ஒட்டிய வரி ஒன்று இரண்டு பக்கமும் விழும், அல்லது இரண்டிலும் விழாமல் நழுவும்.

செப்டம்பர் 22, காலை 7.30

கோப்பு மூலமே பதிந்துகொள்கிறேன் என்பவர்களுக்கு. பேங்க் ஓஎஃப்எக்ஸ் அல்லது க்யூஎஃப்எக்ஸ் (கணக்கு ஆப்கள் படிப்பதற்கென்றே உள்ள கோப்பு வடிவங்கள்) கொடுத்தால் சி.எஸ்.வி.யை விட அதை எடுங்கள். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஃபிட்ஐடி என்ற தனி அடையாளம் இருப்பதால், இரண்டு கோப்புகளின் தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் ஆப் ஒரே வரியை இருமுறை ஏற்றாது. சில பேங்குகள் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அந்த அடையாளத்தைப் புதிதாகப் போட்டுத் தொலைக்கின்றன. ஒரே நாளின் கோப்பை இரண்டு தடவை இறக்கி, ஒரு வரியின் ஃபிட்ஐடி ஒன்றாக இருக்கிறதா என்று நோட்பேடில் பார்த்தால் தெரிந்துவிடும்.

சி.எஸ்.வி.தான் கிடைக்கும் என்றால் எக்செலில் திறந்து சேமித்துவிட்டு அதை ஏற்றாதீர்கள். நீளமான குறிப்பு எண்ணை அது 1.23 என்று தொடங்கும் அடுக்குக் குறியாகச் சுருக்கிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பதையும் தானே முடிவுசெய்யும். ஏற்றும்போது தேதி வடிவத்தைச் சரிபார்க்க, 12க்கு மேல் நாள் வரும் ஒரு வரியைப் பாருங்கள்.

அக்டோபர் 4, இரவு 8.45

கேட்டவர் முதல் கணக்கைக் கட்டங்களில் டிக் போட்டுச் சரிசெய்துவிட்டாராம், ஒன்பது நாள் வரிகளும் வந்து சேர்ந்தனவாம், கார்டும் வந்துவிட்டது. மகிழ்ச்சி. கார்டு வந்ததால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: கணக்கிலிருந்து கார்டு பில் கட்டிய வரியை "செலவு" என்று ஆப் வகைப்படுத்தியிருக்கும். கார்டில் வாங்கியவை ஏற்கெனவே செலவாக ஏறியிருப்பதால் மாதச் செலவு இரு மடங்காகத் தெரியும். அதைப் பணமாற்றம் என்று மாற்றி, கார்டு பக்கத்தில் உள்ள வரவு வரியோடு பொருத்திவிடுங்கள்.

வேறு ஆப்புக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறார். மாறுங்கள், தவறில்லை. மின்ட் மாதிரி பல வருடம் ஓடிய பெரிய இலவச ஆப்பே 2024 மார்ச்சில் மூடப்பட்டது, ஆகவே மாதத்துக்கு ஒருமுறை சி.எஸ்.வி. இறக்கி வைக்கும் பழக்கம் எந்த ஆப்பாக இருந்தாலும் வேண்டும். மாறும்போது போனிலிருந்து ஆப்பை அழித்தால் அனுமதி போய்விடாது, பின்னால் தரவு ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் ஆப்பின் உள்ளே ஒவ்வொரு இணைப்பையும் துண்டியுங்கள். பிறகு பேங்க் தளத்தில் "இணைக்கப்பட்ட ஆப்கள்" என்ற பக்கத்துக்குப் போய் அங்கேயும் ரத்து செய்யுங்கள். அங்கே ஆப்பின் பெயருக்குப் பதில் அக்ரிகேட்டரின் பெயர் இருக்கலாம், அதே அக்ரிகேட்டரைப் புது ஆப்பும் பயன்படுத்தினால் எது எது என்று தேதியை வைத்துத்தான் பிரிக்க முடியும். அதனால் பழையதை ரத்து செய்த பிறகே புதியதை இணையுங்கள். பாஸ்வேர்டு கொடுத்து இணைத்த கணக்கு ஏதாவது இருந்தால் அந்தப் பேங்க் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.